உறைந்த கொண்டிகள்: ஒட்டாவாவில் ஆறு பனிச் சைக்கிள்களும் மூன்று குளிர்காலங்களும்

2025 மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆறு வண்டிகளையும் துடைத்துச் சுவரில் மாட்டிவிட்டு இதை எழுதுகிறேன். ஒட்டாவாவின் கிழக்குப் புறத்தில், ஆர்லியன்ஸ் பகுதியிலுள்ள என் வீட்டுக் கராஜிலிருந்து, பனியில் ஓட்டுவதற்கான தடித்த டயர் சைக்கிள்களைக் குளிர்காலத்தில் மட்டும் வாடகைக்கு விடுகிறேன். இங்கே இவற்றை ஃபேட் பைக் என்பார்கள். இது எனக்கு மூன்றாவது பருவம். பிப்ரவரி தொடங்கியதிலிருந்து, மைனஸ் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே போன நாள்களிலும், ஒரு வண்டிகூடக் காட்டுக்குள் நின்றுபோகாமல் திரும்பி வந்திருக்கிறது. இந்த இடத்துக்கு வந்து சேர எவ்வளவு பணத்தையும் எத்தனை வாடிக்கையாளர்களையும் இழந்தேன் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வண்டிகளை வாங்கினேன். இரண்டு புதியவை, ஒவ்வொன்றும் 1,900 டாலர். ஒன்ராறியோவின் 13 விழுக்காடு விற்பனை வரியைச் சேர்த்து இரண்டுக்கும் 4,294 டாலர் ஆயிற்று. மீதி நான்கையும் பழைய வண்டிகளாக, விளம்பரம் பார்த்து, ஆளாளுக்குப் பேரம் பேசி 4,000 டாலருக்கு வாங்கிப் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்தேன். முதல் தவறு அதுதான். ஃபேட் பைக்கின் பின்சக்கர ஹப்புக்கு, அதாவது சக்கரத்தின் நடுவிலுள்ள அச்சுக்கூட்டுக்கு, ஒரே அகலம் கிடையாது. நான் வாங்கிய ஆறில் இரண்டு 170 மில்லிமீட்டர், ஒன்று 190, மூன்று 197. ஒரு வண்டியின் பின்சக்கரம் பழுதானால் இன்னொன்றிலிருந்து கழற்றிப் போட்டுக் கொடுக்கலாம் என்று போட்டிருந்த கணக்கு முதல் மாதமே பொய்த்தது. உதிரியாக ஒரு சக்கரம் வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் மூன்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாடகைக்கு விடுகிறவனுக்கு மலிவான வண்டியைவிட ஒரே மாதிரியான வண்டிகளே தேவை என்பதை நான்கு பேரிடம் நான்கு விதமாக வாங்கிய பிறகு தெரிந்துகொண்டேன்.

சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியிருக்கிறேன். கடைக்காரர் மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதி வைத்திருப்பார். நோட்டில் எண்ணும் நேரமும் மட்டும் குறிப்பார். நானும் அப்படியே ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதினேன். இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்து இன்று வரை மாற்றத் தேவையில்லாமல் இருப்பது அந்த ஏற்பாடு ஒன்றுதான். எந்த எண் எந்த வெப்பநிலையில் என்ன முறையீட்டோடு திரும்பியது என்று நோட்டில் எழுதி வந்திராவிட்டால், பின்னால் சொல்லப்போகும் கோளாறைக் கண்டே பிடித்திருக்க மாட்டேன்.

தொடங்கிய ஆண்டே சோதனையாக வந்தது. 2022-23 குளிர்காலத்தில் ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் பனிச்சறுக்குத் தடம் போதுமான அளவு உறையாததால், 1970களின் தொடக்கத்தில் அத்தடம் ஏற்பட்டதிலிருந்து முதல் முறையாக, ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. கால்வாய்க்கு என்ன கதியோ அதே கதிதான் காட்டுத் தடங்களுக்கும். பகலில் உருகி இரவில் உறைந்து, மேற்பரப்பு கண்ணாடி போல ஆகிவிடும். ஆணி பதித்த டயர் இல்லாமல் அதில் யாரையும் அனுப்ப முடியாது; அத்தகைய டயர் ஒன்றே 250 டாலருக்கு மேல். அந்தப் பருவம் முழுவதும் 31 வாடகைகள், அடுத்த பருவம் 27. இரண்டும் சேர்ந்தும் வண்டி வாங்கிய பணத்தில் பாதியைக்கூட எட்டவில்லை.

வாடகை குறைவாக இருந்தும் கோளாறுகள் குறையவில்லை. முதலில் வந்தது காற்று. பனியில் டயர் பரந்து படிய வேண்டும் என்பதால் இவற்றில் மிகக் குறைவாகவே காற்று அடைப்பார்கள். பனித்தடங்களில் பெரும்பாலும் கேட்கப்படுவது, டயர் குறைந்தது 3.7 அல்லது 3.8 அங்குல அகலம் இருக்க வேண்டும், காற்று 10 பிஎஸ்ஐக்குக் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கீழே இருக்க வேண்டும் என்பதுதான். நான் 20 பாகைக்குச் சூடேற்றிய கராஜில் நின்றுகொண்டு, சாதாரண நிலைப் பம்பின் மானியைப் பார்த்து 8 பிஎஸ்ஐ அடைத்து அனுப்பினேன். மைனஸ் 20இல் அது ஏறக்குறைய 5 ஆகிவிடுகிறது. மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலுள்ள பங்கை மட்டும். குளிரில் குறைவதோ மொத்த அழுத்தமும். ஆகவே வளிமண்டலத்தின் 14.7ஐயும் சேர்த்த 22.7இல் 14 விழுக்காடு போய் 19.6 ஆகும்போது, நமக்கு மிஞ்ச வேண்டிய 8இல் மூன்று காணாமற்போகிறது. கார் டயரில் இதே மூன்று குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 90 கிலோ எடையுள்ள ஒருவர் 5 பிஎஸ்ஐயில் ஏறி அழுத்தி மிதித்தால், ரிம் சுழல, டயர் அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. டயரோடு உள்ளே டியூபும் நகர்கிறது. ரிம் துளையில் மாட்டிக்கொண்ட வால்வு சாய்ந்து, கடைசியில் அடியோடு கிழிகிறது. ஒட்டுப்போட முடியாத கிழிசல் அது. 22 டாலர் டியூப் முதல் பருவத்தில் ஐந்து போயின.

இதற்குத் தீர்வாக 32 டாலருக்கு 15 பிஎஸ்ஐ வரை மட்டும் அளக்கும் சிறிய மானி ஒன்று வாங்கினேன். நிலைப் பம்பின் மானி 10க்குக் கீழே காட்டுவது வெறும் ஊகம். வண்டியை வெளியே ஒரு மணி நேரம் நிறுத்திய பிறகே அளந்து, தேவையான காற்றை அங்கேயே அடைக்கிறேன்: 60 கிலோவுக்குக் கீழே உள்ளவருக்கு 5, எழுபது எண்பது கிலோவுக்கு 6 முதல் 7, அதற்கு மேல் 8. டயரின் பக்கச் சுவரிலும் ரிம்மிலும் சேர்த்து மெழுகுச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். வண்டி திரும்பும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் டயர் நழுவுகிறது என்று பொருள். வால்வு கிழியும் முன்பே தெரிந்துவிடும். சாக்பீஸ் ஒன்று பாதிகூடக் கரையவில்லை, டியூப் கிழிவது நின்றுவிட்டது.

இனி ஃப்ரீஹப். பின்சக்கரத்தின் நடுவே, பற்சக்கரங்கள் ஏறி உட்காரும் அந்த உருளைக்குள் மூன்று முதல் ஆறு சிறு கொண்டிகள், நூலிழை போன்ற ஸ்பிரிங்குகளால் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, ஒரு பல் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். மிதிக்கும்போது மாட்டும், மிதிக்காதபோது வழுக்கி ‘கிர்ர்’ என்று ஒலிக்கும். முதல் பருவத்தில் ஒரு காலை மைனஸ் 24. ஒட்டாவாவுக்குப் படிக்க வந்திருந்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் நான்காம் எண் வண்டியோடு காட்டுக்குள்ளிருந்து அழைத்தார். “அண்ணை, பெடல் சும்மா சுத்துது, வண்டி நகருதில்லை,” என்றார். செயின் கழன்றிருக்கும் என்றேன். கழலவில்லை என்றார். ஆறு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் போய் வண்டியை ஏற்றி வந்து கராஜில் மிதித்துப் பார்த்தால், எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் கியரை ஏதோ தவறாக மாற்றியிருக்கிறார் என்றுதான் மனத்துக்குள் முடிவு செய்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் வேறு இருவர் அதையே சொன்னபோது 45 டாலருக்குப் புதிய செயின் மாற்றினேன். அதனால் ஒரு பயனும் இல்லை.

நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நான்காம் எண்ணை எடுத்துக்கொண்டு போய், நாற்பது நிமிடத்தில் ஒரு மேட்டின் பாதியில் கால்கள் வெறுமனே சுழன்று விழுந்த பிறகுதான் விளங்கியது. குளிரில் வரும் கோளாறு சூடான கராஜுக்கு வந்ததும் மறைந்துவிடுகிறது. தொழிற்சாலையில் திணித்திருந்த கெட்டியான கிரீஸ் மைனஸ் 15க்குக் கீழே பசைபோல இறுகி, கொண்டிகளை உள்ளே மடங்கிய நிலையிலேயே பிடித்து வைக்கிறது. அந்தச் சிறு ஸ்பிரிங்குகளுக்கு அவற்றை வெளியே தள்ளும் வலுவில்லை. நோட்டைப் புரட்டினேன். முறையீடு வந்த நாள்கள் ஒன்றுவிடாமல் மைனஸ் 17க்குக் கீழே இருந்தன. யாழ்ப்பாணத்து இளைஞரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அண்டைக்கே சொன்னனான்தானே அண்ணை,” என்றார்.

பிறகு சோதனைக்கு வீட்டு ஃப்ரீசரைப் பயன்படுத்தினேன். மீன் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு, பற்சக்கர அடுக்கான கேசட்டைக் கழற்றிய ஃப்ரீஹப் உருளையை நெகிழிப் பையில் கட்டி இரவு முழுவதும் வைப்பேன். மனைவி இதைப் பற்றிச் சொன்னவற்றை எழுத வேண்டியதில்லை. ஃப்ரீசர் மைனஸ் 18 வரைதான் போகும். அதில் தேறிய உருளையைச் சக்கரத்தோடு சேர்த்து, வெளியே மைனஸ் 25க்குக் கீழே போகும் இரவில் கொக்கியில் தொங்கவிட்டு, விடியற்காலையில் கையுறையோடு சுழற்றிக் காதை வைத்துக் கேட்பேன். கொண்டிகள் நலமாக இருந்தால் ஒலி கூர்மையாக, சீராக வரும். ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் ஒலி மங்கி, இடைவெளி விட்டு விட்டு வரும். எல்லாம் ஒட்டிவிட்டால் நிசப்தம். அந்த நிசப்தத்தைக் கேட்டால் அன்று அந்த வண்டி வெளியே போகாது.

ஊரில் ஃப்ரீவீல் வழுக்கினால் சைக்கிள் கடைக்காரர் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். அந்த நினைப்பில் முதலில் டபிள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெயைத் தெளித்து உள்ளே இருந்த கிரீஸை எல்லாம் கரைத்து வெளியேற்றினேன். மைனஸ் 26இலும் அருமையாக ஒலித்தது. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பல் வளையம் செம்பழுப்பாக இருந்தது. மறைப்பு இல்லாத இரும்பில் ஈரம் ஏறித் துருப்பிடித்து, ஒரு கொண்டியின் முனையும் மழுங்கியிருந்தது. அடுத்து தையல் இயந்திர எண்ணெய். அதுவும் குளிரில் நன்றாகவே இருந்தது. ஆறேழு பயணங்களில் ஹப்பின் வாயை அடைக்கும் முத்திரை வளையத்தைக் கடந்து கசிந்து, கேசட் முழுவதும் பிசுபிசுத்து, ஹப் மறுபடி வறண்டுவிட்டது. எண்ணெயால்தான் முடியும் என்றால் வாரம் ஒரு முறை ஆறு ஹப்பையும் திறக்க வேண்டும். இரண்டாம் குளிர்காலம் அந்தச் சோதனையைத் தொடர விடவில்லை. போதிய குளிரே வரவில்லை.

இந்தப் பருவத்தில் பலித்த முறை இதுதான். சக்கரத்தை ஒரு நாள் முழுவதும் சூடான அறையில் வைத்து உள்ளிருக்கும் ஈரத்தைப் போகவிட வேண்டும்; இல்லையென்றால் கிரீஸ் இறுகியதா, பனிக்கட்டி அடைத்ததா என்றே தெரியாது. பிறகு கேசட்டைக் கழற்றி, ஹப்பின் முனை மூடியை இழுத்து, உருளையை ஒரு பெரிய நெகிழிப் பைக்குள் வைத்தே பிரிக்க வேண்டும். பை எதற்கென்றால், முதல் முறை மேசைமேல் பிரித்தபோது ஒரு ஸ்பிரிங் தெறித்துப் போய் இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை. 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 30 மில்லிலிட்டர், காது குடையும் பஞ்சுக் குச்சிகள் இருபது, பழைய பல்துலக்கி ஒன்று. கடைசிப் பிசுக்கும் போன பின், குளிர்காலத்துக்கென்று விற்கும் மெல்லிய ஃப்ரீஹப் கிரீஸை ஒவ்வொரு கொண்டிக்கும் ஓர் அரிசி அளவு, பல் வளையத்தில் படலமாக, முத்திரை வளையத்தின் உதட்டில் சற்றுத் தாராளமாக வைக்க வேண்டும். 28 டாலர் டப்பா ஒன்று ஆறு வண்டிக்கும் போதும். இன்னும் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. முதல் ஹப்புக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. கடைசி ஹப்புக்கு நாற்பது நிமிடம். 170 மில்லிமீட்டர் வண்டிகளில் ஒன்றின் ஃப்ரீஹப் இப்படிக் கையால் பிரிகிற வகை அன்று. அதை 10 மில்லிமீட்டர் அறுகோணச் சாவியால் முழுதாகக் கழற்றி, 48 டாலருக்குப் புதியதைப் பொருத்தினேன்.

தற்செயலாக இந்த வேலையைத் தொடங்கியது போகிப் பண்டிகை அன்று. கைப்பிடியின் மேல் மாட்டும் தடித்த துணிக் கூட்டுக்கு இங்கே பெயரும் ‘போகி’தான், வெளியே போகி மாட்டிய வண்டிகள் நிற்க, உள்ளே பழைய கிரீஸைக் கழித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூடுகளைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன்: ஆறு ஜோடிக்கு 510 டாலர் ஆயிற்று, நான் செய்த செலவிலேயே நல்ல செலவு அதுதான். கை விறைத்தவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள், அடுத்த முறை வர மாட்டார்கள்.

ஜனவரி கடைசி வாரத்துக்குள் ஆறு ஹப்பும் முடிந்தன. இருந்தும் ஒவ்வொரு இருக்கைப் பையிலும் நெகிழிக் கட்டுப்பட்டை எட்டு வைத்திருக்கிறேன். கொண்டிகள் மீண்டும் உறைந்தால், கேசட்டின் பெரிய பற்சக்கரத்தை ஸ்போக் கம்பிகளோடு இறுக்கிக் கட்டிவிட்டால் சக்கரம் மிதிக்கும் வழியே சுழலும்; கால்களை நிறுத்த முடியாது, வேகமாகவும் போக முடியாது, ஆனால் ஆறு கிலோமீட்டர் உருட்ட வேண்டாம். கட்டுவது எப்படி என்று வண்டி கொடுக்கும்போதே காட்டிவிடுகிறேன். இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

கிரீஸ் மட்டுமே குற்றவாளி அன்று என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் வண்டிகளை இரவு கராஜுக்குள் வைப்பேன். மைனஸ் 20இலிருந்து வந்த உலோகம் சூடான காற்றில் வியர்க்கும். அந்த ஈரம் ஹப்புக்குள்ளும் பிரேக் கம்பியின் உறைக்குள்ளும் இறங்கி, காலையில் வெளியே எடுத்ததும் உறையும். இதோடு உப்பும் சேர்ந்தது. வாடிக்கையாளர் காரின் பின்னால் மாட்டி 417 நெடுஞ்சாலையில் போய்வந்தாலே போதும், சாலையில் கொட்டும் உப்பு நீர் தெறித்து செயின் ஒரே நாளில் நிறம் மாறிவிடும். அதைப் போக்க வெந்நீர் ஊற்றிக் கழுவி வெளியே நிறுத்தினேன். மறுநாள் ஆறு வண்டியும் ஆறு பனிச்சிலைகள். இப்போது வண்டிகள் பின்புறத்துச் சூடேற்றாத கொட்டகையில்தான் இருக்கின்றன. பனியைத் துடைப்பத்தால் தட்டி, செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் இடுவதோடு சரி. கழுவுவது வாரம் ஒரு முறை, அதுவும் உள்ளே வைத்து, காற்றழுத்திக் கருவியால் ஊதி, ஒரு நாள் உலரவிட்ட பிறகே வெளியே போகும்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிய வண்டிகள் இரண்டிலும் கனிம எண்ணெய் அடைத்த ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. மைனஸ் 20க்குக் கீழே பிடியை விட்டால் திரும்ப வரச் சோம்பியது. வண்டிக்கு 160 டாலர் செலவில் கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்குக்கு மாற்றி, உறையை இடையில் வெட்டாமல் முழு நீளமாக ஓட்டினேன். பருவத்துக்கு ஒரு முறை கம்பியும் உறையும் மாற்றினால் போதும்.

வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் போகுமிடம் லரோஸ் காடு. மரங்களை வெட்டித் தீர்த்ததால் மணல் பறக்கும் பொட்டலாகிப்போன நிலத்தில், 1928 முதல் ஃபெர்டினாண்ட் லரோஸ் என்ற வேளாண் அலுவலர் முன்னின்று நட்டு வளர்த்த காடு அது. வரிசையாக நிற்கும் பைன் மரங்கள் காற்றைத் தடுப்பதால், வெளியே முகம் எரியும் நாளிலும் உள்ளே ஓட்டலாம். சிலர் ஆற்றைக் கடந்து கியூபெக் பக்கம் காட்டினோ பூங்காவுக்குப் போவார்கள். அங்கே குளிர்காலத் தடங்களுக்குக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். ஆற்றைக் கடப்பதில் எனக்கு வேறொரு கவலை உண்டு. விபத்துக்கு நான் பொறுப்பல்ல என்று வாடிக்கையாளரிடம் வாங்கும் கையொப்பம் ஒன்ராறியோவில் ஓரளவு காக்கும். கியூபெக் குடிமைச் சட்டத்தின் 1474ஆம் பிரிவோ, பிறருக்கு நேரும் உடற்காயத்துக்கான பொறுப்பை யாரும் தட்டிக்கழிக்க முடியாது என்கிறது. முதல் பருவத்தில் அந்தத் தாளை நம்பி, விலை குறைந்த காப்பீட்டோடு இருந்தேன். நல்ல வேளையாக எதுவும் நடக்கவில்லை. இப்போது இரு மாகாணத்துக்கும் சேர்த்துப் பருவத்துக்கு 1,450 டாலர் கட்டுகிறேன்.

பனி அதிகமானால் வருமானமும் அதிகமாகும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். இந்த பிப்ரவரி நடுவில் அடுத்தடுத்து இரண்டு பெரும் பனிப்பொழிவுகள் வந்த வாரத்தில் என் வருமானம் சுழியம். முழங்கால் அளவுப் புதுப்பனியில் ஐந்து அங்குல டயரும் புதையும். தடத்தை அழுத்திச் சீராக்கி, அது ஓர் இரவு இறுகிய பிறகுதான் ஓட்ட முடியும். இளகிய நாளில் ஓட்டினால் தடத்தில் பள்ளம் விழுந்து, உறைந்த பின் எல்லாருக்கும் அது இடைஞ்சல். டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் இறங்கித் திரும்பிவிடுங்கள் என்று வண்டியின் மேற்கம்பியில் ஒட்டியே வைத்திருக்கிறேன். அப்படித் திரும்பியவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவேன். முன்பு பாதிதான் கொடுத்தேன். பணம் போகிறதே என்று அவர்கள் தடத்தைக் கிழித்துக்கொண்டு ஓட்டினார்கள்.

நான்கு மணி நேரத்துக்கு 50 டாலர், முழு நாளுக்கு 75. இந்தப் பருவம் 112 வாடகைகள், ஏறக்குறைய 6,700 டாலர். காப்பீடும் உதிரிகளும் போக முதல் முறையாகக் கையில் ஏதோ நிற்கிறது. ஆனால் என் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்க்கும் துணிவு இன்னும் வரவில்லை. வரும் இலையுதிர் காலத்துக்குள் 197 அல்லாத மூன்று வண்டிகளையும் விற்றுவிட்டு, அதே அளவில் மூன்று வாங்கப்போகிறேன். வாங்கிய அன்றே, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, ஹப்பைத் திறந்து தொழிற்சாலைக் கிரீஸைக் களைந்துவிடுவேன். ஆணி டயர் இரண்டு ஜோடியாவது வேண்டும். முதல் இரண்டு குளிர்காலமும் மறுபடி வராது என்று யார் சொல்ல முடியும்?

நேற்று ஒருவர் வந்து 190 வண்டியைப் பார்த்துவிட்டு, ஃப்ரீஹப்பைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். விலையில் 50 டாலர் குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டேன்.